நத்தையின் மேல் ஓடும் வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூன்று பெரிய நில நத்தைகள் இருக்கின்றன. இரண்டு, ஒரு வருடத்துக்கும் மேலாக எங்களிடம் இருப்பவை. மூன்றாவதை என் மகன் தோட்டத்திலிருந்து எடுத்து வந்து இரண்டு மாதம் முன்பு சேர்த்தான். ஒரு மாதமாக நத்தைகளின் கழுத்திலும் ஓட்டின் விளிம்பிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. கழுவினால் போய்விடுகின்றன, சில நாளில் மறுபடியும் வருகின்றன. மூத்த நத்தை ஓட்டுக்குள்ளேயே கிடக்கிறது, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை லேசாக அடிக்கலாம் என்கிறார் ஒருவர். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? இவை எங்களையும் கடிக்குமா? மகன் தினமும் நத்தைகளைக் கையில் எடுக்கிறான்.

பதில்: முதல் வேலையாக அந்த உண்ணி மருந்தைத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேப்பெண்ணெயும் வேண்டாம். வினிகர், உப்புத் தண்ணீர், கற்பூரம், வாசனை எண்ணெய்கள், பூச்சிக்கொல்லிப் பொடிகள் எதுவுமே வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என்னிடம் வரும் நத்தைகளில் உண்ணியால் செத்தவற்றைவிட, உண்ணிக்கு என்று போட்ட மருந்தால் துடித்தவற்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கும். அது முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை.

காரணம் எளிது. நாயின் தோலுக்கு மேலே உலர்ந்த ஒரு படலம் இருக்கிறது, அதற்கு மேல் முடி இருக்கிறது. நத்தையின் உடம்பில் அப்படி எதுவும் இல்லை. ஈரமான வெறும் சதைதான், அதற்கு மேல் கோழை. அதன் மேல் படுவதெல்லாம் உள்ளே இறங்கும். உண்ணிக்கோ உடம்பைச் சுற்றி ஒரு மேலுறை உண்டு. அந்த உறையைத் தாண்டி உண்ணியைக் கொல்லும் மருந்து, அதற்கு முன்பே நத்தையைத் தொட்டிருக்கும். உப்பு நத்தையின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். எண்ணெய் மூச்சுத்துளையின் மேல் படர்ந்தால் மூச்சு முட்டும். தாமிரம் கலந்த மருந்துகளில் இன்னும் கவனம் தேவை. மீன்தொட்டிக்கு என்று விற்கும் சில மருந்துகளில் தாமிரம் இருக்கும். நத்தை இனத்தைக் கொல்வதற்கென்றே தாமிர உப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாசி ஓடுகளிலிருந்து செய்யும் டயட்டம் மண் பொடியையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும், நத்தைத் தொட்டியோ எப்போதும் ஈரம். உலர்ந்த இடத்தில் அது பட்டால் நத்தையின் கோழையை உறிஞ்சிவிடும். எப்படிப் பார்த்தாலும் நமக்கு ஆகாது.

சரி, அந்த வெள்ளைப் புள்ளிகள் உண்மையில் என்ன என்று பார்த்துவிடுவோம். தொட்டியில் வெள்ளையாக நகர்வதெல்லாம் கெடுதலானவை அல்ல. பலர் தொட்டியின் நண்பர்களையே விரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரவில், நத்தைகள் வெளியே வந்து ஊர ஆரம்பித்ததும், ஒரு டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணின் மேல், மக்கிய இலைகளுக்கு இடையில் நீளவாக்கில் வெள்ளையாக ஏதாவது இருந்து, விரலால் தொட்டதும் துள்ளி விழுந்தால் அவை ஸ்பிரிங்டெயில்கள். ஆறு கால் கொண்டவை. பூஞ்சணத்தையும் அழுகியதையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. அவற்றை விட்டுவிடுங்கள். மீந்த உணவின் மேல் குட்டிக்குட்டி முத்து மாதிரி உருண்டையாக, கூட்டமாக, மெதுவாக நகர்ந்தால் அவை உணவையும் பூஞ்சணத்தையும் தின்னும் உண்ணிகள். உணவு அதிகமாகத் தேங்குகிறது, ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு என்று அவை உங்களுக்குச் சொல்கின்றன. எண்ணிக்கை பெருகினால் நத்தையின் மேலும் ஏறும், தொந்தரவும் கொடுக்கும். ஆனால் நத்தையின் உடம்பிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பழுப்பாக, கெட்டியாக, பளபளவென்று மெதுவாக ஊர்பவை மண்ணில் வாழும் சாதாரண உண்ணிகள். கண்ணாடியில் நூல் மாதிரி நெளிபவை உருளைப்புழுக்கள்.

நாம் தேடுகிற ஆள் வேறு. அது நத்தையின் உடம்பின் மேல் இருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் வெள்ளை, எட்டுக் கால். முக்கியமான அடையாளம் வேகம்தான். நத்தை அசைவதற்குள் கழுத்தின் சுருக்கங்களில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஓட்டின் வாயைச் சுற்றித் தடித்த ஒரு சதை விளிம்பு இருக்கிறதல்லவா, அதன் வலது பக்கத்தில் ஒரு துளை மெதுவாகத் திறந்து மூடும். பெரும்பாலான நில நத்தைகளுக்கு ஓடு வலப்பக்கமாகச் சுருளும், அவற்றுக்குத் துளையும் வலப்பக்கம்தான். அதுதான் மூச்சுத்துளை. அது திறக்கும் நேரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடிப்போய் உள்ளே மறைவதை நீங்கள் பார்த்துவிட்டால், இனி சந்தேகம் தேவையில்லை. ரிக்கார்டோயெல்லா என்ற வகை அது. நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் நம்பி வாழும் ஒட்டுண்ணி.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தொட்டியில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். கழுத்திலும் ஓட்டின் விளிம்பிலும் ஓடுகிறது, கழுவினால் போய்த் திரும்ப வருகிறது, மூத்த நத்தை சோர்ந்திருக்கிறது. மூன்றும் அதையே காட்டுகின்றன. ஆனாலும் ஒரு இரவு நேரம் செலவழித்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இந்த உண்ணியின் வீடு நத்தையின் தோல் அல்ல. மூச்சுத்துளைக்கு உள்ளே, நுரையீரலாக வேலை செய்யும் அந்தக் குழியில்தான் அது வாழ்கிறது. அங்கே மெல்லிய சதைக்கு அடியிலேயே இரத்தம் ஓடுகிறது. அதைக் குடிக்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது, குஞ்சுகளும் அங்கேயே பொரிக்கின்றன. வெளியே ஓடுவதாக நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் ஒரு பகுதிதான். அதனால்தான் உங்கள் கழுவல் பலிக்கவில்லை. வெளியே இருந்தவை தண்ணீரோடு போய்விட்டன, உள்ளே இருந்த முட்டைகள் அப்படியே இருந்தன. வெதுவெதுப்பான சூழலில் முட்டை, குஞ்சு, வளர்ந்த உண்ணி, மறுபடி முட்டை என்று ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். தொட்டியில் ஒரே நேரத்தில் எல்லாப் பருவத்து உண்ணிகளும் இருப்பதால், கழுவிய சில நாளிலேயே அடுத்த கூட்டம் வெளியே வந்துவிடும். நீங்கள் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள். எத்தனை நன்றாகக் கழுவினாலும் ஒரு தடவையில் போகிற விஷயம் இல்லை இது.

அப்படியானால் உள்ளே இருப்பதை என்ன செய்வது? உள்ளே நம் கை போகாது, போகவும் கூடாது. ஆனால் உண்ணிகள் வெளியே வந்தே தீரும். நத்தையின் உடம்பில் உலாவும், மண்ணில் இறங்கும், அடுத்த நத்தைக்குப் போகும், திரும்ப உள்ளே நுழையும். அப்படி வெளியே வருகிறவை எதுவும் திரும்பிப் போகாதபடி வாரக்கணக்கில் விடாமல் தடுத்தால், உள்ளே இருக்கும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். சிகிச்சை முழுவதும் இந்த ஒரே கணக்கில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு வாரம் நிறுத்திவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகன் கேட்டால், தோட்டத்திலிருந்து வந்த நத்தையோடு வந்திருக்கலாம் என்று சொல்லுங்கள், குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம். வெளியில் வாழும் நத்தைகளிடம் இந்த உண்ணி சாதாரணமாகவே இருக்கும். அங்கே பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் நத்தைகள் பரந்த இடத்தில் தள்ளித்தள்ளி இருக்கின்றன. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் மூன்று நத்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊரும்போதும், இணைசேரும்போதும், உண்ணிக்குப் பயணம் மிகச் சுலபம். புதிய கோழைத் தடத்தை மோப்பம் பிடித்து அதன் வழியே போய் நத்தையைக் கண்டுபிடிக்கவும் அதற்குத் தெரியும். தோட்டத்து மண், கழுவாத இலை, காய்ந்த சருகு, மரப்பட்டை வழியாகவும் வரலாம். தொட்டி அழுக்கானதால் இந்த உண்ணி பிறந்துவிடாது. ஆனால் வந்த பிறகு, நெரிசலான, தண்ணீர் சொட்டச்சொட்ட நனைந்த தொட்டியில் வேகமாகப் பெருகும்.

இப்போது செய்ய வேண்டியது. அகலமான, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரே அளவில் வாங்குங்கள், நத்தைக்கு இரண்டு வீதம். மூடியில் சிறு துளைகள் இருக்கட்டும். மூன்று நத்தைகளையும் பிரித்துவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் உண்ணி தெரிகிறது என்றாலும் மூன்றுக்கும் சிகிச்சை வேண்டும். பெட்டியின் அடியில் மண் வேண்டாம். நிறமோ வாசனையோ இல்லாத டிஷ்யூ பேப்பரை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நனைத்துக்கொள்ளுங்கள். நத்தை பேப்பரைக் கொஞ்சம் கொறிக்கும். பயப்பட வேண்டாம், கழிவில் வந்துவிடும். வெள்ளைப் பேப்பரில் நத்தையின் கழிவும் அது சாப்பிட்ட அளவும் தெளிவாகத் தெரிவது எனக்குப் பிடித்த ஒரு கூடுதல் வசதி. நோயாளியைப் பற்றி அது நிறையச் சொல்லும்.

தினமும் ஒரு முறை நத்தையைக் கழுவி அடுத்த சுத்தமான பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியின் பேப்பரைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். மூடியையும், மூடியின் உள்விளிம்பையும் மறக்காதீர்கள். உண்ணிகள் அந்த இடுக்கில்தான் போய் ஒளியும். சோப்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர் தேவையே இல்லை. வெந்நீர் ஊற்றுவதும் காயவைப்பதும் போதும்.

கழுவுவதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அவசரப்படுவது இங்கேதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தசை கிழிய வாய்ப்பு உண்டு. தலைக்கு முன்னால் விரலை ஈரமாக்கி நீட்டினால் தானாக ஏறி வரும், இல்லை என்றால் பாதத்துக்கு அடியில் விரலை மெதுவாக நுழைத்து எடுங்கள். ஓட்டைப் பிடிப்பதாக இருந்தால் பெரிய சுருளைப் பிடியுங்கள், வாயின் விளிம்பைப் பிடிக்க வேண்டாம். புதிதாக வளரும் இடம் அது, காகிதம் மாதிரி மெலிதாக இருக்கும், விரல் அழுத்தத்திலேயே நொறுங்கிவிடும்.

அப்புறம் உள்ளங்கையில் வைத்து, அறையின் சூட்டிலேயே இருக்கும் தண்ணீரை மெல்லிய தாரையாக ஓட்டின் மேலும் பாதத்தின் மேலும் விடுங்கள். முழுக்கக் கிண்ணத்தில் மூழ்க வைக்காதீர்கள், நுரையீரல் உள்ள உயிர் அது. தண்ணீர் பட்டதும் முதலில் உள்ளே போகும், பொறுங்கள். ஓரிரு நிமிடத்தில் கொம்புகள் வெளியே வரும், உடம்பு முழுக்க நீளும். அந்தச் சமயத்தில்தான் சதை விளிம்புக்கு அடியில் ஒளிந்திருந்த உண்ணிகளும் வெளியே ஓடிவரும். காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியை நனைத்து, விளிம்பின் ஓரமாக, அழுத்தாமல், உருட்டிக்கொண்டே போங்கள். உண்ணிகள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். குச்சியை ஒரு கருப்புத் துணியின் மேல் தட்டிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் ஓடுவது தெரியும். நான் அதை எண்ணச் சொல்வதில்லை. இன்று நிறைய, குறைவு, இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டுதான் சிகிச்சை எப்படிப் போகிறது என்று உங்களுக்குக் காட்டும். மூச்சுத்துளைக்குள் மட்டும் குச்சியோ தண்ணீரோ போகவே கூடாது. உள்ளே ஓடி ஒளிந்தது ஒளியட்டும், நாளைக்கோ நாளை மறுநாளோ வெளியே வரும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால், கொதிக்க வைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கழுவி நறுக்கிய கீரையும் காயும் கொஞ்சமாக மாலையில் வைத்து, காலையில் மீந்ததை எடுத்துவிடுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கணவாய் ஓடு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். பழைய தொட்டியில் கிடந்த துண்டை எடுக்காமல் புதிதாகப் போடுங்கள், அதன் பொந்துகளில் உண்ணிகள் இருக்கும்.

இப்படி எத்தனை நாள்? குறைந்தது ஆறு வாரம். உண்ணியின் இரண்டு தலைமுறைக் காலம் அது. மூன்றாவது வாரத்தில் ஒன்றுமே கண்ணில் படாது, போய்விட்டது என்று தோன்றும். தயவுசெய்து அப்போது நிறுத்தாதீர்கள். கடைசியாக ஒரு உண்ணியைப் பார்த்த நாளிலிருந்து மூன்று வாரம் தொடர்ந்து எதுவுமே தென்படாமல் இருக்க வேண்டும். ஆறு வாரத்தைத் தாண்டினாலும் அதுதான் கணக்கு.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உண்ணியைப் பிடிக்க உண்ணியையே விடுவது. ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்று ஒரு வகை. பழைய பெயரான ஹைப்போஆஸ்பிஸ் என்றே இன்னும் பலர் சொல்வார்கள். வெளிர்பழுப்பு நிறம், நம் ஒட்டுண்ணியைவிடக் கொஞ்சம் பெரிது. மேல்மண்ணில் வாழ்ந்து, சின்ன ஈக்களின் புழுக்களையும் மற்ற உண்ணிகளையும் வேட்டையாடும். பசுமைக்குடில் விவசாயிகளுக்காக வளர்த்து விற்கிறார்கள், பாம்பும் சிலந்தியும் நத்தையும் வளர்ப்பவர்களும் வாங்குகிறார்கள். நத்தையின் மேல் ஏறினாலும் நத்தையை ஒன்றும் செய்யாது. இரை தீர்ந்ததும் தானாகவே குறைந்து மறைந்துவிடும்.

எனக்கு இந்த முறை மேல் நல்ல நம்பிக்கை உண்டு, ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அது நுரையீரலுக்குள் போய் வேட்டையாடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வெளியே வருபவற்றைத்தான் பிடிக்கும். அதற்கு மண் வேண்டும். தினமும் பேப்பர் மாற்றும் பெட்டியில் அதை விட்டால் அதையும் சேர்த்துக் குப்பையில் போடுவீர்கள். அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு, மூன்று வாரம் பேப்பர் முறை. உண்ணிகள் நன்றாகக் குறைந்ததும், புது மண் போட்டுத் தொட்டியைத் தயார் செய்து, நத்தைகளை விட்டு, அதில் வேட்டை உண்ணிகளைத் தூவுங்கள். பிறகு சில வாரத்துக்கு மண்ணைக் கிளறவோ மாற்றவோ கூடாது, தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. ஸ்பிரிங்டெயில்களையும் அது தின்னும். ஆகவே அவற்றை எல்லாம் முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வேட்டை உண்ணி கிடைக்கவில்லையா, பரவாயில்லை, பேப்பர் முறையை முழு ஆறு வாரமும் செய்யுங்கள். கை நிறைய வேலை, ஆனால் மூன்று நத்தைகளுக்கு முடியக்கூடிய வேலைதான்.

பழைய தொட்டியைக் காலி செய்யும்போது, அதில் இருந்த செடி, பாசி, சருகு எல்லாமே போகட்டும். மனசு வராது, தெரியும். வேர் இடுக்கில் இருப்பதை யாரும் கழுவி எடுக்க முடியாது. மண்சட்டி, கல் போன்றவற்றைக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். மரத்துண்டைத் தூக்கிப் போடுவதே நல்லது. தொட்டிக்கு வெந்நீர் ஊற்றும்போது, கண்ணாடி என்றால் முதலில் வெதுவெதுப்பாக ஊற்றிப் பழக்கி, பிறகு சூட்டைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். சிலிக்கான் ஒட்டிய மூலைகளைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பிறகு இரண்டு, மூன்று வாரம் காலியாக, காய்ந்தே கிடக்கட்டும்.

புது மண்ணாக உரம் கலக்காத கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், நல்லது. அதையும் கொதிநீரில் ஊறவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். கைப்பிடியில் எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. அந்த ஈரம் போதும்.

மூத்த நத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் இரத்தம் இழக்கும் நத்தை சோர்ந்து போகும், வளர்ச்சி குறையும், முட்டையிடுவது குறையும். அது உண்மை. ஆனால் ஓட்டுக்குள் சுருங்கிக் கிடப்பதற்கு உண்ணி மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குளிர், வறட்சி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, ஓட்டில் அடி, வயது எல்லாமே நத்தையை உள்ளே இழுக்கும். வெப்ப மண்டலத்துப் பெரிய நத்தைகளுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியம், ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். முதலில் இந்த இரண்டையும் அளந்து பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடுங்கள். நத்தை குடிக்கும் தண்ணீரைப் பொறுத்து எடை ஏறி இறங்கும், எனவே ஒரு நாள் எடையைப் பார்த்துப் பதற வேண்டாம், வாரத்துக்கு வாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம்.

இந்த நத்தைக்கு மட்டும் கழுவலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் பேப்பரையும் தினமும் மாற்றுங்கள். சோர்ந்த நத்தையைத் தினமும் தொட்டால் அதுவே அதற்கு அலுப்பு. ஓட்டுக்குள் ஒரு சுற்றுக்கும் மேல் உள்வாங்கிப் போய், தண்ணீர் விட்டும் இரண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை என்றாலோ, சதை விளிம்பு ஓட்டிலிருந்து பிரிந்து தொங்கினாலோ, துளையிலிருந்து நுரை வந்துகொண்டே இருந்தாலோ, அழுகிய வாடை வந்தாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். நாய், மாட்டுக்கு உண்ணிக்குப் போடும் ஊசி மருந்துகளை நத்தைக்குச் சிறு அளவில் கொடுக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நத்தைக்கு இவ்வளவு கொடுத்தால் பாதுகாப்பு என்று நம்பிச் சொல்லும் அளவு நம்மிடம் இல்லாதபோது நான் அதைக் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள்.

உங்களைக் கடிக்குமா என்று கேட்டீர்கள். கடிக்காது. இந்த உண்ணி நத்தை இனத்தை நம்பி வாழ்வது. மனிதர் மேலும் நாய், பூனை மேலும் அது குடியேறாது. கையில் ஒன்றிரண்டு ஓடினால் கழுவிவிட்டால் சரி.

ஆனால் உண்ணியை விடுங்கள், உங்கள் மகன் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. வெளியில் பிடித்த நத்தைகளிடம் எலி நுரையீரல் புழு என்ற ஒரு புழுவின் இளம்பருவம் இருக்கலாம். எலியின் கழிவிலிருந்து நத்தைக்கு வரும். சரியாக வேகாத நத்தையைத் தின்பதாலோ, நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்பதாலோ மனிதருக்குப் போனால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வரலாம். நத்தையைக் கையில் எடுப்பதால் மட்டும் வருவது அரிது. கையிலிருந்து வாய்க்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் போதும். தோட்டத்து நத்தையைத் தொடும்போது கையுறை, எல்லா நத்தையையும் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவல், நத்தையை முகத்துக்கு அருகில் கொண்டு போகாமல் இருத்தல். நத்தைப் பெட்டிகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவ வேண்டாம். ஒரு பையனுக்கு இதெல்லாம் பழகிவிட்டால் நத்தை வளர்ப்பில் பயப்பட எதுவும் இல்லை, அவன் ஆசையை இதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

தோட்டத்து நத்தையை என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு வரும். அது உங்கள் மற்ற இரண்டோடு வேறு இனம் என்றால், திரும்பச் சேர்க்காமல் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதே இனம் என்றாலும் சிகிச்சை முடிந்த பிறகு மேலும் ஒரு மாதம் தனியே இருக்கட்டும். இனிமேல் வரும் எந்த நத்தைக்கும் அந்த ஒரு மாதத் தனிமை உண்டு, எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் சரி. அந்த மாதத்தில் வாரம் ஒரு இரவு டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் மகனின் வேலையாக இருக்கட்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் கண்ணுக்கு இந்தப் புள்ளிகள் சீக்கிரம் படும்.

தொட்டியில் முட்டை கிடந்தால், வளர்க்க விருப்பம் இருந்தால், தண்ணீரில் மெதுவாக அலசிப் புது மண் போட்ட வேறு பெட்டியில் வையுங்கள். இந்த உண்ணி நத்தை முட்டைக்குள் போவதில்லை. தாயிடமிருந்து பிரித்துப் பொரிக்கும் குஞ்சுகள் உண்ணி இல்லாமல் வளர வழி இருக்கிறது. விருப்பம் இல்லை என்றால் முட்டைகளையும், காலி செய்த பழைய மண்ணையும் பையில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள். மண் அதிகமாக இருந்தால் கொதிநீர் ஊற்றி நனைத்துவிடலாம். தோட்டத்தில் கொட்டவே கொட்டாதீர்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். இப்படி வெளியே போன நத்தைகள் பயிர்களை அழித்ததால்தான் பல நாடுகளில் அவற்றை வளர்க்கவே தடை இருக்கிறது.

மூன்று வாரம் ஆனதும் உங்கள் நோட்டில் எழுதியதையும், மூத்த நத்தையின் எடையையும், பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். வேட்டை உண்ணிகளை இறக்குவதா, இன்னும் பேப்பரிலேயே வைப்பதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.